தேக்கா முதல் மரினா வரை: ஒரு மழைநீர் வடிகாலின் வரலாறு



தமிழில் ‘சாக்கடை’ என்றொரு சொல் உண்டு. சிங்கப்பூரில் வாழும் நமக்கு இச்சொல் சற்றுத் தொல்லை தருவது. சமையலறையின் அழுக்குநீர் ஓடும் வழியும் சாக்கடைதான். தெருவோரம் மழைநீர் ஓடும் வழியும் சாக்கடைதான். ஊரில் இரண்டும் ஒன்றாகவே இருந்தமையால் ஒரே சொல் போதுமானதாயிற்று. சிங்கப்பூரில் இரண்டும் ஒன்றல்ல. ஆனால் சொல் மட்டும் மாறாமல் நம்முடன் கப்பலேறி வந்துவிட்டது.

மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தும்போது ‘சாக்கடையில் கழிவுநீர் ஓடியது’ என்னும் தொடரை நான் அடிக்கடி காண்கிறேன். இலக்கணப்படி அதில் பிழையில்லை. எனினும் இந்நாட்டைப் பொறுத்தவரையில் அது பொருட்பிழை. கழிப்பறை, குளியலறை, சமையலறை ஆகியவற்றின் நீர் நிலத்தடிக் குழாய்கள் வழியே சுத்திகரிப்பு ஆலைக்குச் செல்கிறது. நாம் நடைபாதையோரம் காணும் திறந்த வடிகால் மழைநீருக்கு மட்டுமே உரியது. அதில் விழுவது எதுவும் சுத்திகரிப்பு ஆலையைக் காண்பதில்லை. கால்வாய்க்குப் போய், ஆற்றுக்குப் போய், நீர்த்தேக்கத்தை அடைகிறது. இன்று இத்தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. மொத்தம் 17 நீர்த்தேக்கங்கள். அதாவது, பெரும்பாலான வட்டாரங்களில் வீட்டு வாசலில் உள்ள வடிகாலே நம் குடிநீரின் தொடக்கம்.

பழந்தமிழர் இவ்வகையில் நம்மைவிடக் கருத்தாகச் சொற்களை வைத்திருந்தனர். ‘அங்கணம்’ என்றால் வீட்டு அழுக்குநீர் விழும் இடம். திருக்குறளில் இச்சொல் வருகிறது. ‘சுருங்கை’ என்றால் நிலத்துக்கடியில் மறைந்தோடும் நீர்வழி, மணிமேகலையில் காணலாம். ‘மதகு’, ‘தூம்பு’, ‘வாய்க்கால்’ என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர். பிற்காலத்தில் இவற்றையெல்லாம் ‘சாக்கடை’ என்னும் ஒரே மூட்டைக்குள் கட்டிவிட்டோம். மலாய் மொழியில் ‘லோங்காங்’ என்பர்; நம் பாட்டிமார்களும் அவ்வாறே சொல்லிப் பழகினர். அச்சொல்லிலும் மழைநீர், கழிவுநீர் என்னும் பாகுபாடு இல்லை.

இந்தப் பாகுபாடு எப்படி ஏற்பட்டது, அதற்காக எத்தனை பேர் இடம்பெயர்ந்தனர், நம்மவர்க்கு அதில் என்ன பங்கு என்பவற்றை எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். வகுப்பில் ‘குப்பை போடாதே’ என்று சொல்வது எளிது. ஏன் போடக்கூடாது என்பதற்கு ஒரு நகரத்தின் வரலாற்றையே சொல்லவேண்டியிருக்கிறது.

தேக்காவிலிருந்து தொடங்குவோம். ‘தேக்கா’ என்னும் பெயருக்குத் தமிழில் பொருள் தேடிப் பயனில்லை. ஹாக்கியன் மொழியில் ‘மூங்கிலின் அடி’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ரோச்சோர் கால்வாயின் கரையில் மூங்கில் வளர்ந்திருந்த காலத்தின் நினைவு அது. அவ்விடத்துக்கே மலாய் மொழியில் ‘கண்டாங் கெர்பாவ்’, அதாவது எருமைப் பட்டி என்று பெயர். எருமைச் சாலை, கெர்பாவ் சாலை, கல்கத்தாவிலிருந்து வந்த கால்நடை வணிகர் பெலிலியஸின் பெயரைத் தாங்கிய சாலை ஆகிய மூன்றும் ஒரே தொழிலின் அடையாளங்கள். கால்நடைக்குப் புல்லும் தண்ணீரும் வேண்டும். தாழ்வான சதுப்பு நிலமும் அருகே ஓடும் நீரும் அவ்விரண்டையும் தந்தன. தமிழர் பலர் மாடு மேய்க்கவும் பால் கறக்கவும் வண்டி ஓட்டவும் இங்கே குடியேறினர். அதற்கும் முன்னர்ச் சிராங்கூன் சாலையோரம் செங்கற்சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. நம்மவர் அப்பகுதியைச் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றே அழைத்தனர்.

மாட்டுத் தொழிலை ஒட்டி வேறு தொழில்களும் வந்தன. பிரம்பு பதனிடுதல், அன்னாசிப்பழம் பதப்படுத்துதல், ரப்பர்ப் புகைக்கூடம் என்று ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் தேவை. ஒவ்வொன்றும் பயன்படுத்திய நீரைத் திருப்பிவிட்ட இடம் அதே கால்வாய். ‘நீர் அருகில் இருப்பதால் தொழில் வந்தது, தொழில் வந்ததால் நீர் கெட்டது’ என்று நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்படி இதனைச் சொல்லலாம். கால்நடைத் தொழில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் படிப்படியாக மங்கியது. கால்வாயின் நிலை மட்டும் மாறவில்லை.

1907ஆம் ஆண்டில் சிம்ஸன் என்னும் மருத்துவ அறிஞர் சிங்கப்பூரின் சுகாதார நிலைபற்றி ஓர் அறிக்கை அளித்தார். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்ட கடைவீடுகளில் காற்றும் வெளிச்சமும் நுழையவில்லை, கழிவை எடுத்துச் செல்ல வழியில்லை என்பதைச் சுட்டி, வீட்டு வரிசைகளுக்கு இடையே பின்சந்துகள் வேண்டும் என்றார். இன்று லிட்டில் இந்தியாவில் உணவகங்களின் பின்புறம் நாம் காணும் சந்துகளின் கதை அங்கேதான் தொடங்குகிறது. நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்கள் நகரின் நடுப்பகுதியில் மெல்ல மெல்லப் பதிக்கப்பட்டன. எனினும் மலக்கழிவை வாளிகளில் எடுத்துச் செல்லும் முறை முற்றாக ஒழிந்தது 1987ஆம் ஆண்டில்தான். நாற்பது வயதைக் கடந்த சிங்கப்பூரர் பிறந்தபோதும் அது இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்த வடிகால்களை வெட்டியவர் யார், கூட்டியவர் யார்? 1825ஆம் ஆண்டு முதல் இந்தியக் கைதிகள் பெங்கூலனிலிருந்தும் பின்னர் இந்தியாவிலிருந்தும் இங்குக் கொண்டுவரப்பட்டனர். சாலை போடுதல், சதுப்பு நிரப்புதல், வடிகால் வெட்டுதல் ஆகிய வேலைகள் அவர்கள் தலையில் விழுந்தன. 1873இல் அம்முறை முடிவுற்றது. அதன்பின் நகராட்சியின் துப்புரவுப் பணிக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலித்தொழிலாளர்களே பெருமளவில் அமர்த்தப்பட்டனர். மாரியம்மன் கோயில், பெருமாள் கோயில் வரலாறுகளைப் பெருமையுடன் எழுதுகிறோம். நம் முன்னோரில் ஒரு பெரும்பகுதியினர் துடைப்பமும் மண்வெட்டியும் ஏந்தி இந்நகரின் வடிகால்களைத் திறந்துவைத்த வரலாற்றை மட்டும் ஏனோ மெல்லக் கடந்துவிடுகிறோம்.

அவ்வரலாற்றில் 1967 முக்கியமான ஆண்டு. அவ்வாண்டு பிப்ரவரி முதல் நாள், நாட்கூலித் துப்புரவுத் தொழிலாளர் ஏறத்தாழ 2,400 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். தலைமையேற்றவர் கே. சுப்பையா. அரசு அப்போராட்டத்தைச் சட்டவிரோதமென்று அறிவித்தது. சுப்பையாவும் மற்றத் தலைவர்களும் கைது செய்யப்பட்டனர். வேலைநிறுத்தம் செய்தவர்கள் தாமே வேலையை விட்டவர்களாகக் கருதப்படுவர், வேண்டுவோர் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று கூறப்பட்டது. பெரும்பாலோர் விண்ணப்பித்தனர். இதனை நாட்டின் தொழில் ஒழுங்குக்குத் திருப்புமுனை என்று சிலர் எழுதுவர். தொழிலாளர் இயக்கத்துக்கு விழுந்த அடி என்று சிலர் எழுதுவர். என் வகுப்பில் இதில் நான் தீர்ப்புக் கூறுவதில்லை. ஆயினும் இதற்கு அடுத்த ஆண்டில் ‘சிங்கப்பூரைச் சுத்தமாக வைத்திருப்போம்’ இயக்கம் தொடங்கியதை இதனுடன் சேர்த்தே படிக்கவேண்டும் என்பது என் கருத்து. தெருவைக் கூட்டுவோர் கையை மட்டும் நம்பி நகரைச் சுத்தமாக வைத்திருக்க இயலாது. போடுபவர் கையும் அடங்கவேண்டும்.

அவ்வியக்கத்தை 1968ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ தொடங்கிவைத்தார். நான்கு மொழிகளிலும் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. பள்ளிகள் இதில் ஆற்றிய பணி குறிப்பிடத்தக்கது. பெரியவர்களை நேரடியாகத் திருத்துவது கடினம் என்பதால் பிள்ளைகளிடம் சொல்லி, அவர்கள் வழியே செய்தியை வீட்டுக்கு அனுப்பினர். இன்றும் நாம் கையாளும் உத்தி அதுவே. அடுத்து வந்த சுற்றுப்புறப் பொதுச் சுகாதாரச் சட்டம் அபராதத்துக்கு வழிவகுத்தது. நம் நாட்டைப் பற்றி வெளிநாட்டார் பேசும்போது அபராதத்தைத்தான் முதலில் சொல்வர். எனக்கு அது அரைகுறை வரலாறாகவே தோன்றுகிறது. அபராதம் மட்டும் ஆற்றைச் சுத்தப்படுத்தியிருந்தால், அடுத்து வந்த பத்தாண்டுப் பணிக்குத் தேவையே இருந்திராது.

1977ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ ஓர் அறைகூவல் விடுத்தார். பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்பது அதன் சாரம். அன்றைய நிலையில் அதனைக் கேட்டவர்கள் சிரித்திருக்கவும் கூடும். அவ்விரு ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதி நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. சிங்கப்பூர் ஆற்றில் ஏறத்தாழ 800 தொங்கான்கள் சரக்கு ஏற்றி இறக்கின. எண்ணெயும் குப்பையும் நீரில் விழுந்தன. (இத்தொங்கான் தொழிலிலும் தொடக்கக் காலத்தில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம் படகோட்டிகளே முன்னணியில் இருந்தனர், பிற்காலத்தில் அது சீனர் கைக்கு மாறியது.) காலாங் வடிநிலத்தில் 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் இருந்தன. அவற்றின் கழிவு ஓடைகளில் கலந்தது. கழிப்பறை வசதியற்ற கம்பத்து வீடுகள் ஓடைக்கரையிலேயே நின்றன. தெரு அங்காடிக்காரர்கள் வாளிநீரில் கிண்ணங்களைக் கழுவி, அந்நீரை எச்சிலோடும் எண்ணெயோடும் காலடியில் இருந்த வடிகாலில் கவிழ்த்தனர். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. குழாயும் இல்லை, தொட்டியும் இல்லை, வேறெங்கே ஊற்றுவர்?

இதில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பணியை மேற்கொண்ட சுற்றுப்புற அமைச்சு ஆற்றிலிருந்து தொடங்கவில்லை. அழுக்கு எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்து தொடங்கியது. லீ எக் டியெங் போன்ற அதிகாரிகள் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் ஆராய்ந்து, ஒவ்வொரு மூலத்தையும் கணக்கெடுத்தனர். பிறகு ஒவ்வொன்றுக்கும் மாற்றிடம் தேடினர். ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் வீவக வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. சிறு தொழிற்கூடங்கள் ஏறத்தாழ 2,800 இடம்மாறின. ஏறத்தாழ 5,000 தெரு அங்காடிக்காரர்கள் உணவங்காடி நிலையங்களுக்குச் சென்றனர். தொங்கான்கள் 1983இல் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. பன்றிப் பண்ணைகள் ஒழிந்தன. இவையெல்லாம் முடியும் தறுவாயில்தான் ஆற்றுப்படுகையின் சேறு அள்ளப்பட்டது. 1987இல் பணி நிறைவெய்தியது. முன்னின்ற அதிகாரிகளுக்குத் தங்கப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. இடமாற்ற இழப்பீடு நீங்கலாக ஆன செலவு ஏறத்தாழ 170 மில்லியன் வெள்ளி.

தேக்காவில் இதன் சுவடு கண்கூடு. 1915இல் கட்டப்பட்ட பழைய கண்டாங் கெர்பாவ் சந்தை போய், சாலையின் எதிர்ப்புறத்தில் 1982இல் புதிய நிலையம் எழுந்தது. அதற்கு முதலில் ‘சூஜியாவ்’ என்று மாண்டரின் ஒலிப்பில் பெயரிட்டனர். மக்கள் நாவில் அது ஏறவில்லை. 2000ஆம் ஆண்டில் மீண்டும் தேக்கா என்றே ஆயிற்று. எருமைச் சாலையில் தரையில் காய்கறி பரப்பி விற்றவர்களும் ஓரத்தில் உணவு விற்றவர்களும் அதனுள் சென்றனர். மீன் கழுவிய நீர், இறைச்சி வெட்டிய மேடையின் நீர், எண்ணெய்ப் பாத்திரம் கழுவிய நீர் எல்லாம் முதன்முறையாகத் தெரு வடிகாலை விட்டுக் கழிவுநீர்க் குழாயைச் சேர்ந்தன. அழகிய கட்டடம் என்று எவரும் அந்நிலையத்தைப் புகழக் கேட்டதில்லை. ஆனால் ரோச்சோர் கால்வாய்க்கு அது செய்த நன்மையை எந்தப் பூங்காவும் செய்யவில்லை.

இடம்பெயர்ந்தவர்களின் துயரையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. பரம்பரைத் தொழிலை இழந்த பண்ணைக்காரர், பழகிய வாடிக்கையாளரை இழந்த கடைக்காரர், கம்பத்து உறவுகள் கலைந்த முதியோர் என்று அந்தத் தூயநீருக்கு விலைகொடுத்தவர் பலர். வீணாகக் கொடுத்த விலையாக அது ஆகிவிடலாகாது. வடிகாலில் ஒரு காகிதக் குவளையை எறியும் சிறுவனுக்கு நான் அபராதத்தைப் பற்றிச் சொல்வதைவிட இந்த 26,000 குடும்பங்களைப் பற்றிச் சொல்லவே விரும்புவேன்.

ஒப்பீட்டுக்காகச் சென்னையின் கூவம் ஆற்றை நினைத்துக்கொள்ளலாம். 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது கூவத்தைச் சீர்படுத்தும் திட்டம் தொடங்கியது. 1973இல் கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது அதில் படகு விடப்பட்டது. அதாவது சிங்கப்பூர் தொடங்குவதற்குப் பத்தாண்டு முன்னரே சென்னை தொடங்கிவிட்டது. கரைகள் கட்டப்பட்டன, படகுத்துறைகள் கட்டப்பட்டன. ஆனால் மழைநீர் வடிகால்கள் வழியே வீட்டுக்கழிவு ஆற்றில் விழுவது நிற்கவில்லை. படகுகள் நின்றுபோயின. நம் நாட்டைப் புகழ்ந்து தாய்த்தமிழகத்தைத் தாழ்த்துவதற்காக இதனைச் சொல்லவில்லை. சென்னை மாநகரின் பரப்பும் மக்கள்தொகையும் வேறு, அதன் பொருள்வளமும் வேறு. கரையிலிருந்து தொடங்கினால் என்ன ஆகும், வடிகாலிலிருந்து தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இவ்விரு நகரங்களைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

1987க்குப் பிறகு கதை முடிந்துவிடவில்லை; இன்னும் கடுமையானது. அதுவரை ஆறு சுத்தமாக இருக்கவேண்டும் என்பதே நோக்கம். ஆற்றுமுகத்தில் அணை கட்டி நன்னீரைத் தேக்கலாம் என்னும் எண்ணம் அப்போதே லீயிடம் இருந்தது. 2008ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. 350 மீட்டர் அகலமுள்ள வாய்க்காலை ஒன்பது மதகுகள் அடைத்து நிற்கின்றன. மழை மிகுந்து கடல்மட்டம் தாழ்ந்திருந்தால் மதகுகள் தாழ்ந்து நீரைக் கடலுக்கு விடுகின்றன. கடல்மட்டம் உயர்ந்திருந்தால் பெரிய நீரிறைப்பிகள் இறைத்துக் கொட்டுகின்றன. 2010இல் தேக்கத்தின் உப்பு முற்றும் நீங்கி அது நன்னீர்த் தேக்கமானது. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி 10,000 ஹெக்டேர், நாட்டின் நிலத்தில் ஆறில் ஒரு பங்கு.

இதன் விளைவை நாம் போதிய அளவு உணர்ந்திருக்கிறோமா என்பது ஐயமே. முன்பு தேக்காவில் வடிகாலில் விழுந்த எண்ணெய், ரோச்சோர் கால்வாய் வழியே கடலுக்குப் போனது. இப்போது அது கடலுக்குப் போவதில்லை, மரினாவில் நிற்கிறது. அங்கிருந்து நீர் எடுக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்பட்டு நம் குழாய்க்கு வருகிறது. ஜொகூருடன் 1961இல் செய்த தண்ணீர் உடன்பாடு 2011இல் முடிவுற்றது. 1962இல் செய்த உடன்பாடு 2061 வரை உள்ளது. இன்று தொடக்கப்பள்ளியில் படிக்கும் குழந்தைகள் தங்கள் நாற்பதுகளில் இருக்கும்போது அவ்வாண்டு வரும். வடிகாலைப் பற்றிப் பேசுவது துப்புரவைப் பற்றிய பேச்சு மட்டுமன்று.

குப்பையால் வேறொரு கேடும் உண்டு. 2010ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் ஆர்ச்சர்ட் சாலை வெள்ளத்தில் மூழ்கியது. இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஸ்டாம்ஃபர்ட் கால்வாயின் ஒரு மதகுப்பாலத்தடியில் குப்பைகூளங்கள் அடைத்துக்கொண்டதும் ஒரு காரணம் என்று பொதுப் பயனீட்டுக் கழகம் அப்போது தெரிவித்தது. கால்வாயின் கொள்ளளவே போதாது என்பதும் பின்னர் நடந்த ஆய்வுகளில் வெளிப்பட்டது. 2018இல் நீரைத் தேக்கிவைக்கும் தொட்டியும் மாற்றுக்கால்வாயும் முடிக்கப்பட்டன. எல்லா வெள்ளத்தையும் குப்பை போடுவோர் தலையில் ஏற்றுவது முறையன்று. ஆனால் வாய் குறுகிய வடிகாலை ஒரு நெகிழிப் பையும் அடைக்கும் என்பதை மறுக்கவும் இயலாது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கடைவீதிகளின் பின்சந்துகளில் நடக்கும்போது நான் காண்பது இதுதான்: தரைதுடைத்த வாளிநீரை வடிகாலில் ஊற்றுகிறார்கள், பொரித்த எண்ணெய்ச் சட்டியை அங்கேயே கவிழ்க்கிறார்கள், சாயம் அடித்த தூரிகையை அங்கேயே கழுவுகிறார்கள். திட்டினால் வியந்து பார்க்கிறார்கள். ‘சாக்கடையில்தானே ஊற்றினேன்?’ என்பது அவர்கள் விடை. அழுக்குநீருக்குரிய இடத்தில்தான் அழுக்குநீரை ஊற்றியதாக அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வந்தவர் மட்டுமல்லர், இங்கேயே பிறந்து வளர்ந்தவரும் இதைத்தான் சொல்கின்றனர். இவ்விடத்தில்தான் மொழியாசிரியனின் வேலை தொடங்குகிறது என்று கருதுகிறேன். வகுப்பில் நான் ‘மழைநீர் வடிகால்’, ‘கழிவுநீர்க் குழாய்’ என்னும் இரு தொடர்களைத் தனித்தனியே எழுதவைக்கிறேன். வீட்டில் உள்ள ஒவ்வொரு நீரும் எதில் சேரவேண்டும் என்று பிரிக்கச் சொல்கிறேன். அரிசி களைந்த நீர், கார் கழுவிய நீர், மீன் தொட்டி நீர், கோலமாவு கரைந்த நீர்... பிள்ளைகள் ஆர்வத்துடன் வாதிடுவர். கார் கழுவிய நீரில்தான் எப்போதும் சண்டை வரும்.

வழிபாட்டுப் பொருள்களைப் பற்றியும் ஒரு சொல். நவராத்திரி முடிந்த மறுநாளும் வேறு சில நோன்பு நாள்களிலும் கால்வாயோரத்தில் மாலையும் கலசத்தின் நூலும் வெற்றிலையும் கிடக்கக் கண்டிருக்கிறேன். ஓடும் நீரில் விடவேண்டும் என்னும் மரபு எனக்கும் தெரியும், மதிக்கிறேன். அம்மரபு நீரைத் தெய்வமாகக் கருதியதால் பிறந்தது. கான்கிரீட் கால்வாயின் தடுப்புக் கம்பியில் நெகிழி நாரோடு சிக்கி அழுகும் மாலை தெய்வத்துக்கும் நீருக்கும் எவ்வாறு உகந்ததாகும்? பூக்களை நாரிலிருந்து உதிர்த்துச் செடித்தொட்டி மண்ணில் இடும் பாட்டியர் சிலரை அறிவேன். அவர்களைப் பின்பற்றலாம்.

மற்றொன்றையும் சொல்லாமல் விடமுடியவில்லை. ‘படிக்காவிட்டால் இவரைப்போலக் கால்வாய் கூட்டத்தான் போகவேண்டும்’ என்று துப்புரவுப் பணியாளரைச் சுட்டிக்காட்டிப் பிள்ளையிடம் சொல்லும் பெற்றோர் நம்மிடையே இருக்கின்றனர். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆயினும் அதைக் கேட்டு வளரும் பிள்ளை இரண்டு செய்திகளை மனத்தில் பதித்துக்கொள்கிறது. வடிகாலைச் சுத்தம் செய்வது இழிந்தோர் வேலை என்பது ஒன்று. ஆகவே அதில் போடுவது என் உரிமை, எடுப்பது அவர் கடமை என்பது மற்றொன்று. அந்தப் பணியாளர் இன்று பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவராகவும், அல்லது நம் நாட்டு முதியவராகவும் இருக்கிறார். நூறாண்டுக்கு முன் அதே மண்வெட்டியைப் பிடித்தவர் நம்மில் பலருடைய கொள்ளுத்தாத்தா. சாதியின் நிழல் இச்சொற்களில் இன்னும் படிந்திருக்கிறது என்று சொன்னால் சிலருக்கு வருத்தம் வரலாம். நான் அப்படித்தான் கருதுகிறேன்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். பயன்படுத்திய எண்ணெயை ஆறவைத்துப் பழைய நாளிதழில் உறிஞ்சவிட்டோ மூடியுள்ள கலத்தில் ஊற்றியோ குப்பையில் போடலாம். வடிகாலிலும் ஊற்றக்கூடாது, கழுவுதொட்டியிலும் ஊற்றக்கூடாது, ஏனெனில் குழாயினுள் அது கட்டியாக உறைந்து அடைக்கும். தரை துடைத்த நீரைக் கழிப்பறையில் ஊற்றவேண்டும். வீடு புதுப்பிப்போர் சிமெண்டு கரைத்த நீரை வாசல் வடிகாலில் விடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். மண்ணும் சிமெண்டும் நீர்த்தேக்கத்தை மேடாக்கும். கட்டுமானத் தளங்கள் வடிகாலில் விடும் நீரில் ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் மண் இருக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. தொண்டூழியத்துக்குப் பிள்ளைகளை அனுப்ப விரும்புவோர்க்கு 1998இல் தொடங்கப்பட்ட நீர்வழிக் காவலர் சங்கம் போன்ற அமைப்புகள் உள்ளன. படகிலும் மிதிவண்டியிலும் சென்று ஆற்றோரக் குப்பையை அகற்றுகின்றனர். ஒரு நாள் முழுவதும் பிறர் போட்ட குப்பையை இடுக்கியால் எடுத்த பிள்ளைக்கு அதன்பின் என் பாடம் தேவைப்படுவதில்லை.

பள்ளி விடுமுறையில் பெற்றோர்கள் பிள்ளைகளுடன் நடந்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பேரங்காடிக்குச் செல்வதைவிடச் செலவு குறைவு. காலையில் தேக்கா நிலையத்தில் பசியாறிவிட்டுப் புக்கிட் தீமா சாலைக்கு வாருங்கள். அங்கிருந்து கால்வாயோரமாகக் கிழக்கு நோக்கிச் செல்லுங்கள். 2015இல் புதுப்பிக்கப்பட்ட நடைபாதையும் செடிகளும் ஜாலான் புசாரைக் கடந்து விக்டோரியா ஸ்திரீட் வரை துணைவரும். வலப்பக்கமும் இடப்பக்கமும் சிறு வடிகால்கள் கால்வாயில் வந்து விழும் வாய்களைப் பிள்ளைகள் எண்ணட்டும். வழியில் பழைய சுங்கை ரோடு திருட்டுச்சந்தை இருந்த இடம் வரும். 2017ஆம் ஆண்டு ஜூலையில் அது மூடப்பட்டதை அறிந்த பெரியவர்கள் அங்கே சற்று நின்று கதை சொல்லலாம். விக்டோரியா ஸ்திரீட்டைத் தாண்டினால் கால்வாய் அகன்று ஆறாகி, காலாங் வடிநிலத்தில் கலக்கும். மழை பெய்து ஓய்ந்த மறுநாளாகப் பார்த்துச் செல்வது நல்லது. வடிகால்கள் முதல்நாள் எவற்றையெல்லாம் கொண்டுவந்து சேர்த்தன என்பது மிதவைத் தடுப்புகளின் அருகே தெரியும். குடையும் தண்ணீர்ப் புட்டியும் மறக்கவேண்டாம்.